கியர் பூட் ஆராய்ச்சி: புறம், அகப்புறம், அகம்

வண்டியின் உறுப்புகளை ஆராய்ந்தவர்கள் நம்மிடையே குறைவில்லை. இன்ஜினை ஆராய்ந்தவருக்குப் பட்டம் கிடைத்தது. மைலேஜை ஆராய்ந்தவருக்கு மைத்துனர்களிடையே மதிப்பு கிடைத்தது. ஹாரனை ஆராய்ந்தவரைத் தெருவே அறிந்துகொண்டது. முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே, கியர் ராடின் இடுப்பைக் கூம்பாகச் சுற்றிக்கொண்டு, சூடும் தூசும் மேலே வராமல் ஆயுள் முழுக்கத் தடுத்து உட்கார்ந்திருக்கும் கியர் பூட்டை மட்டும் ஆராய்வாரில்லை. இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. கேட்டிருந்தால் தந்திருக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். கையால் கியர் மாற்றும் பழைய கார்கள் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆட்டோமேட்டிக் வண்டியின் ராடு பெரும்பாலும் காலையில் ஒருமுறை முன்னே வந்து, மாலையில் ஒருமுறை திரும்பிப் போகும் உத்தியோகஸ்தர். அதைச் சுற்றியுள்ள உறைக்கு அலைச்சல் இல்லை. அலைச்சல் இல்லாத வாழ்வில் ஆய்வுக்குப் பொருளும் இல்லை. பட்டறைகளில் கியர் பூட் என்று வழங்கும் இவ்வுறுப்பை இனி உறை என்றே குறிப்போம்.

முன்னோர் கருத்தைக் கூறாமல் தன் கருத்தைக் கூறுவது மரபன்று. தேடிப் பார்த்ததில், தொல்காப்பியர் கியர் பற்றி எதுவும் சொல்லவில்லை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறு பல இடங்களில் மாறுபட்டாலும் இந்த விஷயத்தில் ஒருமித்து மௌனம் காக்கிறார்கள். ஆசிரியர் உய்த்துணர வைத்தார் என்று கொள்வதே முறை. கடந்த நூற்றாண்டின் பல ஆய்வேடுகள் இந்த ஒரே உத்தியின் முதுகில் ஏறித்தான் கரை சேர்ந்திருக்கின்றன. நம்மையும் அது தாங்கும்.

எழுத்துச் சான்று இல்லாவிட்டாலும் வாய்மொழிச் சான்று உண்டு. கிழிந்த உறையோடு தமிழ்நாட்டின் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கிடைக்கும் உரை இது:

"அது ஒண்ணும் பண்ணாது சார். ஓட்டுங்க."

"சூடா காத்து வருதே, தம்பி."

"ஏசியைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கங்க சார்."

இப்பனுவலுக்குப் பாடபேதங்கள் உள்ளன. மதுரைப் படியில் 'சார்' இருந்த இடத்தில் 'அண்ணே' காணப்படுகிறது. கோவைப் படியில் 'பண்ணாதுங்க' என்று மரியாதை வினையிலேயே ஏறிவிடுகிறது. ஆயினும் 'ஒண்ணும் பண்ணாது' என்னும் மூலபாடம் எல்லாப் படிகளிலும் சிதையாமல் நிற்பதால், இது மிகப் பழைமையானதாக இருக்க வேண்டும். இக்கூற்று முழுப் பொய்யும் அல்ல என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. உறை கிழிந்ததால் நடுச்சாலையில் நின்ற வண்டி என்று ஒன்று கிடையாது. அதற்கென டாஷ்போர்டில் எரியும் விளக்கு இல்லை, ஒலிக்கும் மணி இல்லை, எஃப்.சி.க்குப் போனால் குனிந்து பார்க்கும் கண்ணும் இல்லை. வண்டியை நிறுத்தும் அதிகாரம் இல்லாத உறுப்பை மனிதன் மதிப்பதில்லை. இதை முதற்கருதுகோளாகக் கொள்க.

இனி வரலாறு. தொடக்க காலத்துக் கார்கள் பலவற்றில் கியர் ராடு வண்டியின் உடம்புக்கு வெளியே, ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் நின்றது. ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் அப்படித்தான். வெளியே நிற்பதற்கு உறை எதற்கு? மழையும் மண்ணும் அதன் மேல் நேராகவே விழுந்தன. ராடு வண்டிக்குள் குடிவந்து நடுத்தரையில் நின்ற பிறகுதான் பிரச்சினை பிறந்தது. ராடு நுழையத் தரையில் ஓட்டை வேண்டும். ராடு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆடுவதால் அந்த ஓட்டை ராடை விடப் பெரிதாக இருந்தாக வேண்டும். ஓட்டைக்குக் கீழே கியர்பாக்ஸ், புகைக்குழாய், சாலை. மேலே வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். இருவரையும் பிரித்து வைக்க, ஆடவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும் என்ற இரட்டை நிபந்தனைக்குக் கிடைத்த விடையே உறை. துருத்தி மடிப்போடு ரப்பரில் வார்த்தார்கள், தோலில் தைத்தார்கள், பின்னர் ரெக்சினில் தைத்து அதையும் தோல் என்றார்கள்.

இதிலிருந்து வேண்டுமென்றே விலகி நின்றவர்களும் உண்டு. ஃபெராரி பல்லாண்டுகள் தன் கார்களில் உறையே இல்லாமல், பளபளக்கும் உலோகத் தகட்டில் கியர் வழிகளை வெட்டித் திறந்து காட்டியது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் 'க்ளிங்' என்று ஓசை கேட்கும். அதைக் கேட்பதற்காகவே பலர் கடன் வாங்கியிருக்கிறார்கள். இவர்களை நாம் உறைமறுப்பாளர் எனலாம். அவர்கள் தனிச் சமயம், விவாதித்துப் பயனில்லை.

இந்திய வரலாறோ வேறு தடத்தில் ஓடியது. உத்தரபாராவில் தயாரான அம்பாசடரும், பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் கியர் ராடை ஸ்டியரிங் தண்டிலேயே வைத்திருந்தன. நடுத்தரை காலி. முன்னால் ஒரே நீளப் பலகை சீட்டு. அங்கே கியரும் அதன் உறையும் இருந்திருந்தால், கல்யாண வீட்டுக்குப் போகையில் ஓட்டுநருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே திணிக்கப்பட்ட அந்த மூன்றாம் ஆள் பஸ்ஸில்தான் வந்திருக்க வேண்டும். ஆக, உறையின்மை நம் குடும்ப உறவுகளுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அதே சமயம், இரண்டு மூன்று தலைமுறைகள் உறை என்ற ஒன்றைக் கண்ணாலேயே காணாமல் வளர்ந்ததற்கும் அதுவே காரணம். 1990களில் இசுசு இன்ஜினோடு தரையில் கியர் வைத்த அம்பாசடர் வந்தபோது பழைய ஓட்டுநர்கள் இடக்கையைக் காற்றில் வீசித் தேடினார்கள்.

இருளில் ஒரு விளக்கு சென்னையில் எரிந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் இங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கியர் தரையில் இருந்தது. இத்தாலியின் மிக்கெலோட்டி வடிவமைத்த டிரையம்ஃப் ஹெரால்டின் தமிழ்நாட்டுப் பிறவி அது. முன்மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். தெருவில் நிறுத்தித் திறந்தால் கூட்டம் கூடும். கூடிய கூட்டம் இன்ஜினைப் பார்த்தது. உள்ளே கியர் ராடைச் சுற்றியிருந்ததை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தரைக் கியர் நடுத்தர வர்க்கத்தின் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதனுடன் உறையும், அதன் கிழிசலும்.

ஆய்வுக்கு மூலபாடமாக இவற்றில் எதையும் எடுக்காமல், 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறோம். இந்தியச் சாலைகளில் அது அரிது என்ற ஆட்சேபம் எழலாம். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவர்கள் எத்தனை பேர் யாழைக் கையில் தொட்டவர்கள் என்று திருப்பிக் கேட்போம். தவிர, காரணம் வலுவானது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, முன்னே இன்ஜின், பின்சக்கர இழுவை, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் குழுவினர் குதிரையும் வீரனும் ஓருடலாக ஓட வேண்டும் என்று குறிக்கோள் வைத்து இதைச் செய்தார்கள். அதற்காகக் கியர் ராடைக் கம்பியாலும் கேபிளாலும் சுற்றி வளைக்காமல் நேரே கியர்பாக்ஸின் முதுகில் நட்டார்கள். கை வைத்தால் பற்சக்கரத்தின் துடிப்பு உள்ளங்கையில் தெரியும். துடிப்பு வரும் வழியே சூடும் சத்தமும் எண்ணெயும் வரும் அல்லவா? அவற்றைத் தடுக்க அந்தப் பொறியாளர்கள் ஒன்றுக்கு மூன்று உறைகளை அடுக்கினார்கள். ராடு ஒன்று, உறை மூன்று. ஆய்வாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மேலே கண்ணுக்குத் தெரிவது கன்சோலில் பொருத்திய தோல் அல்லது ரெக்சின் உறை. இதைப் புறம் என்க. அதைத் தூக்கினால், தரைச் சுரங்கத்தின் வாயை அடைத்துக்கொண்டு, உலோக வளையத்தால் இறுக்கப்பட்ட பெரிய ரப்பர் உறை. இது அகப்புறம். அதையும் கழற்றினால், கியர்பாக்ஸின் மேல் ராடு நுழையும் குழியை மூடியபடி ஒரு சிறிய ரப்பர் உறை. இதுவே அகம். இலக்கணிகள் பல நூற்றாண்டுக்கு முன்பே செய்த பகுப்பு மாஸ்டாவின் ஹிரோஷிமாவில் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளிவிட இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. ஆதாரம் ஒன்றும் இல்லை. மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றின் தொழிலும் வேறு. புறம் அழகுக்கு, அதோடு சில்லறையும் முறுக்குத் தூளும் உள்ளே விழாமல் தடுக்கும். அகப்புறம் சூடு, இரைச்சல், புகை, சாலைத் தண்ணீர் ஆகியவற்றைத் தடுக்கும். அகம் கீழேயுள்ள எண்ணெய் மேலே தெறிக்காமலும், மேலேயுள்ள மண் எண்ணெயில் விழாமலும் காக்கும். இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் உலகம் முழுவதும் நடக்கும் பெருந்தவறும் புரிந்துவிடும். வண்டியில் சூடான காற்று வருகிறது, உரிமையாளர் குனிந்து பார்க்கிறார், தோல் கிழிந்திருக்கிறது, புதுத் தோலுறை வாங்கிப் போடுகிறார், சிவப்பு நூல் தையல் வேறு. சூடு அப்படியே வருகிறது. கிழிந்து கண்ணில் பட்டது புறம். கிழிந்து தொல்லை கொடுத்தது அகப்புறம். தோலுறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள், அதன் கீழே நின்ற ஆளை விசாரிக்கவே இல்லை.

அகப்புறம் கிழிந்த வண்டியின் நிலையை அகப்பொருள் முறைப்படி விளக்குவோம். நிலம் பாலை. பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். மார்கழி அதிகாலையில் ஓட்டினாலும் இடக்கால் முட்டிக்கு அருகே நண்பகலே நிலவும், ஏனெனில் புகைக்குழாயும் கியர்பாக்ஸும் ஒரே சுரங்கத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. கருப்பொருள்: கியர்பாக்ஸின் ஊளை, சூடேறிய எண்ணெயின் நாற்றம், கப் ஹோல்டரில் இளஞ்சூடாகிவிட்ட குளிர்பானம். உரிப்பொருள் பிரிவு. பக்கத்து சீட்டில் வந்தவர் அடுத்த முறை தன் வண்டியில் தனியே வருவதாகச் சொல்லிவிடுவார்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, இங்கே மெய்யான ஆபத்தும் ஒன்று உண்டு. புகைக்குழாயின் இணைப்பு எங்காவது கசிந்து, சுரங்கத்தின் வாயும் திறந்திருந்தால், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மடக்கும் கூரையை மூடிக்கொண்டு ஓட்டும் நாளில் தலை வலித்தால் தைலத்தைத் தேடும் முன் தரையைத் தேட வேண்டும்.

உறை ஏன் கிழிகிறது என்பது அடுத்த வினா. வயசாகிவிட்டது என்பது விடை ஆகாது, அது அனுதாபம். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாமலும் ஒட்டாமலும் நிலைக்கும் என்று கண்டறிந்தார். ரப்பர் மூலக்கூறின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. ஆனால் சங்கிலியில் உள்ள எல்லா இரட்டைப் பிணைப்புகளும் அந்த முடிச்சில் செலவாவதில்லை. மிச்சமிருப்பவற்றை ஓசோன் தேடி வந்து வெட்டுகிறது. தரைமட்டக் காற்றில் ஓசோன் பத்துக் கோடியில் சில பங்குதான், அது போதும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தளர்ந்து கிடக்கும் ரப்பரில் ஓசோன் பெரிதாக வெடிப்பு உண்டாக்குவதில்லை. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான், இழுப்புக்குக் குறுக்காக, கத்தி கீறியதைப் போன்ற வெடிப்புகள் பிறக்கின்றன. உறையின் மடிப்பு முனைகளில் முதல் கோடு விழுவது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டாம் கருதுகோளை வருவிக்கலாம். சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டுவிட்டுப் போகும் எச்சரிக்கை மிகுந்த மனிதரின் வண்டியில், உறையின் ஒரு பக்கம் இரவு முழுக்க இழுபட்டே நிற்கிறது. எனவே அந்தப் பக்கம் முதலில் வெடிக்க வேண்டும். கிழிசல் எந்தப் பக்கம் என்று பார்த்து, உரிமையாளர் எந்தக் கியரில் நிறுத்துபவர் என்று சொல்லிவிடலாம். அப்பா ரிவர்ஸில் போட்டாரா, மகன் முதல் கியரில் போட்டானா என்ற வீட்டு வழக்குகளுக்கும் தீர்ப்பு கிடைக்கும். இதைச் சோதித்தறியும் பொறுப்பு வருங்கால ஆய்வாளர்களுடையது. இப்படிச் சொல்லி முடிப்பதும் ஆய்வு மரபே.

ரெக்சின் உறைக்கு மரணம் வேறு வழியில் வருகிறது. பிவிசியை வளையச் செய்வதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதிதான் முன்கண்ணாடியின் உட்புறம் படிந்து, எத்தனை துடைத்தாலும் போகாத படலமாகிறது. கண்ணாடியைத் துடைக்கும் போதெல்லாம் நாம் துடைத்தெறிவது இருக்கையின், டாஷ்போர்டின், உறையின் இளமையைத்தான். நல்ல தோல் இவற்றைவிடப் பொறுமைசாலி. ஆனால் கீழிருந்து சூடும் மேலிருந்து வெயிலும் ஒரே நேரத்தில் காய்ச்ச, எண்ணெய்ப்பசை வற்றி, மடிப்பில் அதுவும் பிளக்கிறது.

கிழிந்ததைக் கண்ட பின் மனிதர்கள் நடந்துகொள்ளும் முறையை வைத்துச் சில கட்சிகளைக் காண்கிறோம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவோர் ஒரு சாரார். முதல் கோடையில் டேப்பின் பசை இளகி வழிந்து ராடு முழுக்கப் பரவும்; இரண்டாம் கோடையில் டேப் உதிர்ந்து பசை மட்டும் நிற்கும். சிலிக்கோன் பசையைப் பூசுவோர் மற்றொரு சாரார். ஆட வேண்டிய உறுப்பை அசையாத உறுப்பாக்கி, அடுத்த மடிப்பில் புதுக்கிழிசல் விழ வழி செய்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மறைப்போர் உண்டு; இவர்கள் நேர்மையாளர்கள், எதையும் சரிசெய்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. பழைய உறையின் மேலேயே புது உறையை மாட்டுவோர் வரலாற்றாசிரியர்களுக்கு மட்டும் பயன்படுகிறார்கள். அகழாய்வு செய்கையில் அடுக்கடுக்காகக் காலங்கள் கிடைக்கும்.

பழைமை காக்கும் கட்சியையும் சொல்ல வேண்டும். மூல வண்டியில் வந்த உறையே இருக்க வேண்டும், கிழிந்தாலும் அதுவே வரலாறு என்பது இவர்கள் கொள்கை. இந்தியச் சட்டம் இவர்களுக்குத் துணை நிற்கிறதா? 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதிகளைத் திருத்தி, முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல், பெரிய மாற்றங்கள் எதுவும் செய்யப்படாமல் இருக்கும் வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகள் என ஏற்றது. எண் பலகையில் 'வி ஏ' என்ற எழுத்துகள், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சென்னையில் பிறந்த ஹெரால்டு இந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது. 1989இன் எம்எக்ஸ்-5 வண்டி 2039 வரை சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டிதான். கியர் உறையை மாற்றுவது பெரிய மாற்றத்தில் சேருமா என்று விதி பேசவில்லை. சேராது என்பதே நம் முடிபு. சேருமானால், தரை விரிப்பைத் துவைப்பதும் சட்டவிரோதம் ஆகிவிடும்.

மாஸ்டா நிறுவனமே 2018இல் ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் சேவையைத் தொடங்கி, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மீண்டும் செய்யத் தொடங்கியது. செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டவை மடக்குக் கூரை, அந்தக் காலத்து டயர், நார்டி மர ஸ்டியரிங், நார்டி மர கியர் நாப். உறைக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும் நாப் வரை வந்த புகழ் அங்கேயே நின்றுவிட்டது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானபோது அதற்கு விழா எடுத்தார்கள். அத்தனை வண்டிகளிலும் கையால் கியர் மாற்றும் ஒவ்வொன்றுக்கும் உறை இருந்திருக்குமே என்று எவரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இனிச் செய்முறை இயல். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விடுக. முதலில் நாப். உலக நாப்கள் இருவகை: திருகு நாப், இழுப்பு நாப். எம்எக்ஸ்-5இல் இருப்பது திருகு, 10 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி. பல்லாண்டு இறுகியிருந்தால் துணி சுற்றி இடப்பக்கமாகத் திருப்பினால் இளகும். பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் இழுப்பு நாப். அதை இரு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே இழுப்பவர் தாடையில் தானே குத்திக்கொள்வார். முகத்தை ஒதுக்கிக்கொண்டு இழுப்பதே அறிவுடைமை.

அடுத்து கன்சோல். திருகுகள் பக்கவாட்டிலும் உள்ளறையிலும் ஒளிந்திருக்கும். மின்கண்ணாடி உள்ள வண்டியில் அதன் சுவிட்ச் கன்சோலில்தான் இருக்கிறது. ஒயர் இணைப்பைப் பிரிக்காமல் ஆவேசமாகத் தூக்கினால் உறை மாற்றும் வேலை எலக்ட்ரீஷியன் வேலையாக வளரும். கன்சோல் வந்தால் புறம் அதனோடே வந்துவிடும். கீழே அகப்புறம். அதை இறுக்கியிருக்கும் வளையத்தைக் கழற்ற பத்து நம்பர் சாக்கெட் வேண்டும். பட்டறை உலகில் மற்ற எல்லா சாக்கெட்டும் பெட்டியில் இருக்க, பத்து நம்பர் மட்டும் இல்லாமல் போவது ஏன் என்பது நம் துறைக்கு அப்பாற்பட்ட இயற்பியல். இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

வளையத்தை எடுத்ததும் அகத்தைத் தொடாதீர்கள். முதலில் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். குழியைத் திறந்த பிறகு மேலிருந்து விழும் எதுவும் கியர்பாக்ஸின் சொத்து. ஒரு சின்ன வாஷர் விழுந்தாலும் அதைத் தேடி எடுப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை திங்கட்கிழமை ஆகிவிடும். பிறகு சிறிய உறையின் போல்ட்டுகளைக் கழற்றி ராடை நேரே மேலே உருவுக. உள்ளே கறுத்த கூழ் தெரியும். ஒரு காலத்தில் அது எண்ணெய். கியர்பாக்ஸ் ஆயிலைத் தவறாமல் மாற்றியவர்களும் இங்கே கூழைத்தான் காண்பார்கள். ராடின் குழிக்கு எண்ணெய் தனி; கீழே ஊற்றுவது இங்கே ஏறி வராது. ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, 75டபிள்யூ-90 கியர் ஆயில் புதிதாக ஊற்ற வேண்டும். நூறு மில்லிகூடத் தேவைப்படாது. ராடின் கீழ்முனையில் தொப்பி போல ஒரு நைலான் புஷ் இருக்கும். அது தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் ராடு பஞ்சாங்கக்காரர் தலை போல எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். விலை அற்பம், இவ்வளவு தூரம் வந்தவர் அதையும் மாற்றிவிடுக.

புது அக உறையை ராடில் நுழைக்கும்போது பட்டறைப் பையன் கிரீஸ் தடவ வருவார். தடுங்கள். பெட்ரோலிய கிரீஸ் இயற்கை ரப்பரை உப்பி நலிய வைக்கும். சோப்புத் தண்ணீர் போதும். பட்டறை ஆயிலின் ஆயுளை நினைக்கிறது, உறையின் ஆயுளை நினைப்பதில்லை.

புறம் கிழிந்திருந்தால் அதைக் கடையில் தேடுவதைவிடத் தைத்துக்கொள்வதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் தீர்மானமான கருத்து. பழைய உறையின் தையலைப் பிரித்தால் பெரும்பாலும் நான்கு சரிவகத் துண்டுகள் கிடைக்கும். அவைதான் அச்சு. அவற்றைப் புதுத் தோலின் மேல் வைத்து வரைந்து வெட்டி, நைலான் அல்லது பாலியஸ்டர் நூலால் தைக்கலாம். பருத்தி நூல் சூட்டில் மக்கும். சென்னையில் ஜி.பி. ரோட்டுப் பக்கம் சீட் கவர் தைப்பவர்களிடம் பழைய உறையைக் கொடுத்தால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு மனம் தளரக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பெயர்போன ஊர்கள் இருக்கும் மாநிலத்தில் ஒரு முழத் தோலுக்கு வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்ப்பது முறையன்று. நான்கு துண்டுகளை இணைக்கையில் மூன்று தையல் முடிந்ததும் ஒருமுறை ராடில் சுற்றிப் பார்த்துவிட்டு நான்காவதைப் போடச் சொல்லுங்கள். இறுக்கமாகத் தைத்தால் ரிவர்ஸ் கியர் விழாது; தொளதொளவென்று தைத்தால் மடிப்பு வாய்க்குள் போய்ச் சிக்கும்.

உறையின் மேல்வாயை ராடில் கட்டுவதில் ஒரு ரகசியம் உண்டு. நேராகப் போட்டு மேலே கேபிள் டை கட்டினால் அந்த டை காலமெல்லாம் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். உறையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, தலைகீழாக ராடில் மாட்டி, குறுகிய வாயை டையால் கட்டி, பின் முழுவதையும் கீழ்நோக்கி இழுத்துப் புரட்ட வேண்டும். கட்டு உள்ளே மறைந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் பெயர் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவருக்குத்தான் இக்கட்டுரை காணிக்கை.

பூட்டும் வரிசை: அகம், அகப்புறம், கன்சோலோடு புறம், கடைசியில் நாப். கையில் காசு குறைவாக இருந்தால் புறத்தை அடுத்த தீபாவளிக்குத் தள்ளுங்கள். அகத்தையும் அகப்புறத்தையும் தள்ளாதீர்கள். இந்த வரிசையை மாற்றிச் சொல்லும் எந்தக் கடைக்காரரையும் நம்ப வேண்டாம்; அவரிடம் சிவப்பு நூல் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

கன்சோலை மூடும் முன் ஒரே ஒரு வேலை. பத்து நம்பர் போல்ட்டுகள் பெரிய உறைக்கு நான்கு, சிறிய உறைக்கு மூன்று, ஆக ஏழு. எண்ணிப் பாருங்கள். கையில் ஒன்று மிஞ்சியிருந்தால் திரும்பத் திறக்கவும்.